தைலக் குப்பி எங்கலே?

ஏலே ராசா, என் தைலக் குப்பி எங்கலே? முந்தாநாள் ராத்திரி வரைக்கும் தலைமாட்டுல இருந்துச்சு. வெத்தலச் செல்லம் அங்கனயே இருக்கு. டார்ச் லைட்டு இருக்கு. பல் செட்டு போட்ட டம்ளர் கூட இருக்கு. தைலத்த மட்டும் காங்கல. முட்டியப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா உத்தரக் கட்டைய எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். உன் ஆச்சிய எழுப்பிக் கேட்டா, "ஒமக்கு முட்டி மட்டுமா தேஞ்சிருக்கு?"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

காலையில கம்ப ஊனிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். கெழக்கு வரப்போரமா மூணாவது எலுமிச்ச. கிட்டப் போகும்போதே கமகமங்குது. எலுமிச்சம்பூ வாசம் இல்ல, அது எனக்குத் தெரியும். இது தெனமும் ராத்திரி என் வேட்டியில அடிக்க வாசம். நிமிந்து பாத்தா கெளைக்கு ஒரு பஞ்சு உருண்ட, நூல்ல கட்டித் தொங்குது. எண்ணினேன், பதினொண்ணு. என் முட்டிக்குப் பதினோரு நாளைக்கு ஆகும் சரக்கு. மரத்துக்கும் மூட்டுவலி வந்துட்டோன்னு ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் தட்டிட்டு.

முழிக்காத. உக்காரு. வையதுக்குக் கூப்பிடல. களவாண்டதுக்கு உன் ஆச்சி வைவா, அது அவ இலாகா. நான் கேக்கது வேற. என் பேத்தி, உன் அத்த மக, வேளாண்மக் காலேஜ்ல பூச்சிப் படிப்பு படிக்கவ, லீவுக்கு வந்தப்ப இதே திண்ணையில உக்காந்து ஒரு மணி நேரம் பேசினாளே, நீயும் தூண்ல சாஞ்சு நின்னே. அவ பேச்சக் கேட்டியா, மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னியான்னு எனக்கு அப்பமே ஒரு யோசன. இப்பத் தெரிஞ்சு போச்சு. "நோய் வந்த மரம் ஒரு வாசம் விடும், அந்த வாசத்துக்குக் குளவி வந்து பூச்சியக் கொல்லும்." இம்புட்டுதான் உன் காதுல ஏறியிருக்கு. அதுக்கு முன்னாடி சொன்னதும் ஏறல, பின்னாடி சொன்னதும் ஏறல. தாத்தா தைலத்துலயும் அதே வாசந்தான்னு அவ ஒரு பேச்சுக்குச் சொன்னா, நீ குப்பியத் தூக்கிட்டே. சமையக் குறிப்பு கேட்டுட்டு உப்ப மட்டும் அள்ளிப் போட்டவன் கத.

நான் பல்லில்லாத கெழவன். எனக்கு வாய் தேஞ்சு காது வளந்து போச்சு. முழுசாக் கேட்டேன். இப்பச் சொல்லுதேன், நீயும் கேளு. அவ மூஞ்சி இல்லன்னு வருத்தப்படாத, இந்த மூஞ்சியப் பாத்துக்க.

மொதல்ல அந்த மரத்து இலைய ஒண்ணு பறிச்சுப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே. இந்தா, மடியில வச்சிருக்கேன். நடு நரம்பப் பாரு. துத்தநாகச் சத்து கொறஞ்ச இலைன்னா நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வெளுக்கும், மடிச்சு மை தொட்டு எடுத்த மாதிரி. இதுல அப்படியா இருக்கு? இந்தப் பக்கம் மேல ஒரு மஞ்சத் திட்டு, அந்தப் பக்கம் கீழ ஒரு திட்டு. ஒண்ணுக்கொண்ணு ஒறவே இல்ல. காயும் பாரு, ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் சப்பி, கோணலா நிக்கி. வெட்டினா வெத கருகிச் சுருங்கிக் கெடக்கு. இந்த அடையாளமெல்லாம் சேந்து வந்தா 'கிரீனிங்' நோயா இருக்கலாம்னு பேத்தி சொல்லுதா. பழுக்க வேண்டிய பழம் அடியில பச்சையாவே நின்னு போறதால அந்தப் பேராம். சீனாக்காரன் அவன் பாசையில 'மஞ்சத் துளிர் நோய்'ங்கான், ஹுவாங்லாங்பிங். கண்ணால பாத்து மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது, லேப்புக்கு இலை அனுப்பிப் பாத்தாத்தான் உறுதி. நீ பரிசோதனைக்கு அனுப்பாம நேரா வைத்தியத்துல எறங்கிட்டே. அதுவும் என் தைலத்த வச்சு.

இது பாக்டீரியா. மரத்துல இலை சமைச்ச சோத்தக் கொண்டுட்டுப் போற குழாய் இருக்குல்லா, அதுக்குள்ள குடியிருக்கும். குழா அடைச்சுப் போகும், வேரு பட்டினி கெடக்கும். மருந்து கெடையாது. நோய் ஏறி மாசக்கணக்குல, சில சமயம் வருசக்கணக்குல ஒண்ணுந் தெரியாது. அது பாட்டுக்குக் காய்ச்சுக்கிட்டு இருக்கும், நாமளும் கமிஷன் கடையில வெல பேசிக்கிட்டு இருப்போம்.

நோயுள்ள மரத்துல ஒட்டுக்கட்ட குச்சி எடுத்தா அதுவும் கூடவே வந்துரும். அது போக மரத்துக்கு மரம் தூக்கிட்டுப் போறது ஒரு பொடிப் பூச்சி. காலேஜ்ல சைலிட்ங்காவ. நான் அதுக்குக் குண்டிதூக்கின்னு பேர் வச்சிருக்கேன். சிரிக்காதலே, பாத்தா நீயும் அதத்தான் சொல்லுவே. எள்ளுத்தண்டிதான் இருக்கும், புள்ளி விழுந்த தவிட்டு நெறம். இலையில தலையக் கீழ அமுக்கி, பின்னாடிய மேல தூக்கிச் சாஞ்சு நிக்கும், கட்டிலுக்கடியில செருப்பத் தேடுதவன் மாதிரி. முட்ட போடணும்னா கொழுந்துதான் வேணும் அதுக்கு, முத்தின இலைய ஏறெடுத்தும் பாக்காது. ஒரு பொட்டைப்பூச்சி 800 முட்ட வரைக்கும் வைக்குமாம். உன் ஆச்சி எட்டு பெத்ததுக்கே இன்னும் என்னையக் குத்தஞ் சொல்லுதா. நம்ம கொல்லையில கறிவேப்பிலைக் கொழுந்து சுருண்டு, வெள்ள நூல் மாதிரி மெழுகு தொங்குதே, அதுவும் இவன் குஞ்சு பண்ணுத வேலதான்.

இப்ப வாசத்துக்கு வருவோம்.

மரத்துக்குச் சொகமில்லன்னா அது சும்மா நிக்காது. உள்ளுக்குள்ள சாலிசிலிக் அமிலம்னு ஒண்ண ஊற வைக்கும். தலவலிக்குப் போடுத ஆஸ்பிரினுக்கு அது ஒண்ணுவிட்ட அண்ணன். மரத்துக்கு அதுதான் கசாயம். அதுல ஒரு பங்கு மீத்தைல் சாலிசிலேட்டா மாறி ஆவியாகி இலை வழியா வெளிய போகும். ஊட்டிக்கு டூர் போனப்ப நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்துல விண்டர்கிரீன் தைலம்னு வித்தானே, அந்த வாசம் அநேகமா பூராவும் இதுதான். என் குப்பியில இருக்கதும் இதுதான். யோசிச்சுப் பாத்தா எனக்கே சிரிப்பா வருது. மரம் நோவுக்கு மொனங்குத வாசமும், நான் முட்டி நோவுக்குத் தேய்க்க வாசமும் ஒண்ணு.

அமெரிக்காவுல புளோரிடான்னு ஒரு சீம. அங்க லேக் ஆல்பிரட்ங்க ஊர்ல எலுமிச்ச, ஆரஞ்சுக்குன்னே பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிப் பண்ண இருக்கு. லூகாஸ் ஸ்டெலின்ஸ்கின்னு ஒரு பூச்சி வாத்தியாரும் அவர் கூட்டாளிகளும் அங்க இதச் சோதிச்சாவ. இந்த மாதிரிச் சோதனை பெரும்பாலும் எப்படின்னு பேத்தி வரைஞ்சு காட்டினா. நீ சின்னப் பிள்ளையில ஓணான் அடிக்க வச்சிருந்த கவட்டை இருக்குல்லா, அந்த வடிவத்துல கண்ணாடிக் குழாய். ஒரு கொம்பு வழியா நல்ல செடிக் காத்து, இன்னொரு கொம்பு வழியா நோய்ச் செடிக் காத்து. பிடி வழியாப் பூச்சிய விட்டா, அது நடந்து வந்து கவட்டையில நின்னு மீசைய ஆட்டி யோசிக்கும். பொறவு ஒரு பக்கம் திரும்பும். எந்தப் பக்கம்னு எழுதிக்கிடணும். ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல பூச்சிய இப்படி நடக்க விட்டு எண்ணணுமாம். நான் மாட்டுச்சந்தையில சுழி பாத்து மாடு பிடிக்கதே பெரிய பொறுமைன்னு நெனச்சிருந்தேன்.

2012ல அவாள் எழுதினது என்னன்னா, நோய் வந்த மரத்துலதான் மீத்தைல் சாலிசிலேட் கூடுதலா வருது, குண்டிதூக்கி மொதல்ல அந்த மரத்துக்குத்தான் ஓடுது. ஏன்னு கேளு. பூச்சி நெறைய உக்காந்து சாறு குடிச்சாலும் மரம் அதே வாசத்தத்தான் விடும். அப்ப அந்த வாசம் வந்தா பூச்சிக்கு என்ன அர்த்தம்? 'நம்ம ஆளுக அங்க பந்தியில இருக்காவ.' நம்பிப் போகுது. போய் ஊசியச் சொருகினா, நைட்ரஜன் கொறவு, பாஸ்பரஸ் கொறவு, துத்தநாகம், இரும்பு எல்லாங் கொறவு. வெளிய கல்யாண வீட்டு வாசம், உள்ள உப்பில்லாக் கஞ்சி. கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டு, சீச்சீன்னு எந்திரிச்சு நல்ல மரத்துக்குப் போயிருது. போகும்போது வயித்துல கிருமியையும் தூக்கிக்கிட்டுப் போகுது. கிருமிக்கு காலு கெடையாது, செறகு கெடையாது, ஆனா டாக்சி பிடிச்சு ஊர் மாறிட்டு. டாக்சிக்காரனுக்குக் கூலியும் கெடையாது, ஒரு டீ கூட கெடையாது.

ஊரு ஒலகத்துல இது ஒண்ணு மட்டும் இல்ல பாத்துக்க. பென்சில்வேனியாவுல பூசணிக் கொடிக்கு வெள்ளரி மொசைக் வைரஸ் வந்தா அதுவும் இப்படித்தான் வாசத்தக் கூட்டி அசுவினியக் கூப்பிடுது. 2010ல கெர்ரி மாக், கான்சுவேலோ டி மொரேஸ், மார்க் மெஷர்னு மூணு பேர் கண்டுபிடிச்சது. அசுவினி வந்து ருசி பாத்துட்டு, தூன்னு துப்பிட்டு ஓடும். அந்த வைரஸுக்கு அது போதும். ஊசி நுனியில ஒட்டிக்கிட்டுப் போற சாதி அது. அசுவினி உக்காந்து சாவகாசமாக் குடிச்சா அதுக்குத்தான் நட்டம். சந்தையில ருசி பாக்கக் குடுத்த கொய்யாப்பழத் துண்ட வாயில போட்டுக்கிட்டு அடுத்த கடைக்கு நகருதானே, அவன் கையில நோட்டீஸக் குடுத்து விட்ட மாதிரி.

கோதும கத இன்னும் வெசம். ஐடஹோ பல்கலைக்கழகத்துல பாத்தது, அதுவும் 2012தான். பார்லி மஞ்சள் குட்டை வைரஸ்னு ஒண்ணு. கையில வைரஸ் இல்லாத அசுவினி நோய்க் கோதுமையத் தேடிப் போகுது. வைரஸ் ஏறின அசுவினி நல்ல கோதுமையத் தேடிப் போகுது. செடி வாசம் மாறினது மட்டும் இல்லலே, பூச்சியோட புத்தியே மாறிப் போச்சு! செடியே இல்லாம, வைரஸச் சக்கரத் தண்ணியில கலந்து குடுத்துப் பாத்தாலும் புத்தி மாறிட்டாம். நம்மூரு கல்யாணத் தரகர் ஒருத்தர் இருந்தாரு, செத்துப் போயிட்டாரு, பேர் சொல்லல. பொண்ணு வீட்டுக்காரன்ட்ட ஒரு பேச்சு, மாப்ள வீட்டுக்காரன்ட்ட ஒரு பேச்சு. ரெண்டு பக்கமும் தானா ஓடி வந்து அவர் வாசல்ல நிப்பான். இந்த வைரஸு அவருக்கு அண்ணாவியா இருந்திருக்கும்.

சரி, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நீ காதுல வாங்காத முன்பாதி. இனிதான் உனக்குப் பிடிச்ச இடம். குளவி.

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருக்கல்லா? மேளம் அடிச்சா பக்தன் வருவான். அதே மேளத்துக்குப் பிக்பாக்கெட்டும் வருவான். பிக்பாக்கெட்டப் பிடிக்க மப்டி போலீசும் வருவான். மூணு பேத்துக்கும் தனித்தனியா யாரும் பத்திரிக வைக்கல. வாசமும் அப்படித்தான். காத்துல விட்ட பொறவு யார் மூக்குலயும் ஏறும். நோய் மரத்து வாசம் குண்டிதூக்கியக் கூப்பிடுதுன்னா, குண்டிதூக்கியத் தின்னு பொழைக்கவனுக்கும் அது கேக்குமா கேக்காதா? எரையே மரத்துல ஏறி உக்காந்துகிட்டு இருக்கும்போது அந்த வாசத்தப் பிடிச்சுப் போற குளவிதானே பொழைக்கும்? ஸ்டெலின்ஸ்கி கூட்டாளிகளே 2014ல அதையும் பாத்து எழுதினாவ. டமரிக்சியா ரேடியாட்டான்னு ஒரு பொடிக்குளவி, நோய் மரத்து மீத்தைல் சாலிசிலேட் வாசத்துக்கு வருது. வந்து குண்டிதூக்கிக் குஞ்சுல முட்ட வைக்குது. கிருமி தன் டாக்சிக்காகப் போட்ட வெளம்பரத்தப் பாத்து டிராபிக் போலீசும் வந்து நிக்கான்!

குளவின்னதும் கொட்டுமேன்னு பயப்படாத. இது ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், கடுகுல பாதி. போன மாசம் நம்ம கறிவேப்பிலையில நான் ஒண்ணப் பாத்தேன். வாட்சு ரிப்பேர்க்காரன் கண்ணுல மாட்டுதானே ஒரு பூதக்கண்ணாடி, பழசு ஒண்ணு எங்கிட்ட இருக்கு, அதப் போட்டுப் பாத்தேன். தட்டையா மஞ்சளா ஒட்டிக்கிட்டு இருக்க குஞ்சுக மேல ஏறி எறங்கி, மீசையால தட்டித் தட்டிப் பாக்குது, தர்பூசணி வாங்குதவன் மாதிரி. ஒண்ணப் பிடிச்சுட்டு. வயித்துக்கு அடியில, பின்னங்காலுக்கு நடுவுல, ஒரு முட்டைய ஒட்ட வச்சிட்டுப் போயிட்டு. பேத்திட்ட கேட்டேன். அந்த முட்டை பொரிச்சு, புழு வெளிய இருந்துக்கிட்டே குஞ்ச உறிஞ்சுமாம். கடைசில தோலு மட்டும் தவிட்டு நெறமா இலையோட ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு மம்மின்னு பேராம். ஓட்டுல தலைப்பக்கம் ஒரு வட்ட ஓட்டை தெரிஞ்சா, குளவி பொறந்து கெளம்பிட்டுன்னு அர்த்தம். சிலதுல முட்டையும் வைக்காது, வெறுமனே குத்திச் சாறக் குடிச்சிட்டுப் போயிரும். முட்ட வச்சதும் குடிச்சதுமா ஒரு குளவி 500 குஞ்சு வரைக்கும் தீத்துரும்ங்காவ.

இந்தக் குளவிக்குச் சொந்த ஊரு எதுன்னு நெனக்கே? நம்ம பக்கந்தான். பிரிவினைக்கு முன்ன இருந்த பஞ்சாப்ல பிடிச்சத வச்சு, 1922ல வாட்டர்ஸ்டன்னு ஒரு வெள்ளக்காரன் பேர் வச்சான். 1978ல இந்தியாவுல இருந்து ரீயூனியன் தீவுக்குக் கொண்டு போனாவ, அங்க நல்லாப் பெருகிப் பூச்சிய அடக்கிட்டு. கலிபோர்னியாக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? மார்க் ஹாடில்ங்க பூச்சி விஞ்ஞானி பாகிஸ்தான் பஞ்சாப்புக்கு, ஃபைசலாபாத்துக்கே போய், ஆரஞ்சுத் தோப்புல குளவி பொறுக்கி, பெட்டியில வச்சு, பரிசோதனையெல்லாம் முடிச்சு 2011 டிசம்பர்ல தோப்புல விட்டாரு. அவன் கப்பலும் பிளேனும் வச்சு, பாஸ்போர்ட் போட்டுக் கூட்டிட்டுப் போறான். நீ போன செவ்வாக்கெழம மூணு பாட்டில் மருந்த ஒரே டேங்குல கலக்கி அடிச்சே. மூணுல ஒண்ணு எதுக்குன்னு கேட்டா, "கடைக்காரர் சேத்துக் குடுத்தாரு தாத்தா"ங்கே. அவருக்கு உன் மரத்த விட உன் பர்ஸ நல்லாத் தெரியும்.

மருந்து அடிச்சா குண்டிதூக்கியும் சாவும், நான் இல்லங்கல. ஆனா இந்தக் கடுகுப் பாதி குளவி அதுக்கு முந்தி சாவும். பக்கத்துத் தோப்புல இருந்து புதுக் குண்டிதூக்கி பறந்து வரும், கொழுந்தப் பிடிக்கும், முட்ட வைக்கும். குளவி திரும்பி வரப் பல நாளாகும். இந்த எடைவெளியில நீ பதினோரு தைல உருண்டையக் கட்டித் தொங்கவிட்டு, வாங்க வாங்கன்னு மேளம் அடிச்சிருக்கே. மப்டி போலீச செவ்வாக்கெழம அடிச்சு வெரட்டிட்டு, வியாழக்கெழம திருவிழா வச்சிருக்கே. அப்ப யாரு வருவான்?

அதுலயும் நீ தொங்கவிட்டது மூணாவது மரத்துல மட்டும் இல்லியே. அந்தப் பதினொண்ணுல ரெண்டு நாலாவது மரத்துக் கெளையிலல்லா தொங்குது. அது நல்லா இருக்க மரம்லே! நல்லவனுக்கு நோய்ச் சீட்டு எழுதிக் குடுத்திருக்கே. அது போக, தைலத்துல மீத்தைல் சாலிசிலேட் மட்டுமா இருக்கு? கற்பூரம், புதினா உப்பு, எண்ணெய், இன்னும் என்னென்னமோ போட்டிருக்கான். என் முட்டிக்கு ஒத்துக்கிடும். குளவி மூக்குக்கு எப்படி இருக்கும்னு யாரு கண்டா?

வாசத்தத் தொங்கவிட்டு நல்ல பூச்சியக் கூப்பிடுத வித்த பொய்யில்ல. வாஷிங்டன் மாகாணத்துல, பீருக்குப் போடுத ஹாப்ஸ் கொடித் தோட்டத்துல டேவிட் ஜேம்ஸ்னு ஒருத்தர் 2003ல இதே மீத்தைல் சாலிசிலேட்ட வச்சுப் பாத்தாரு. கண்ணாடி இறக்கைப்பூச்சி, இன்னும் பல காவலாளிக எல்லாம் வந்துச்சு. அந்த வாசத்த வச்சுத் தொங்கட்டான் செஞ்சு கடையில விக்கவும் ஆரம்பிச்சாவ. ஆனா அந்தத் தோட்டத்துப் பகையாளி வேற, நம்ம பகையாளி வேற. ஐடஹோ கோதுமையில சொன்னேனே ஒரு அசுவினி, அதே அசுவினிக்குச் சுவீடன்ல இந்த வாசத்தக் காட்டினா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு வெலகிப் போகுதாம். குளிர் காலத்துல அது குடியிருக்க மரத்துல இந்த வாசம் இருக்கும், வெயில் வந்தா அத விட்டுக் கெளம்பணும்ல்லா, அதனால. நம்ம குண்டிதூக்கிக்கு அதே வாசம் கல்யாண மேளம். ஒரே ஊதுபத்தி, ஒரு வீட்டுல சாமி வாசம், இன்னொரு வீட்டுல எழவு வாசம். எந்த வீடுன்னு பாத்துத்தான் ஏத்தணும்.

கொய்யாவ நட்டா ஓடும்னு அடுத்து நீ செல்லுல பாத்து வந்து நிப்பே, அதையும் சொல்லிருதேன். வியட்நாம்ல, மீகாங் டெல்டாவுல ஆரஞ்சுக்கு நடுவுல கொய்யா வச்ச தோப்புல இந்தப் பூச்சி கம்மியா இருந்துச்சு. கொய்யா இலைய நசுக்கினா வார கந்தக வாடை ஒண்ணு குண்டிதூக்கிக்கு ஆகாதுன்னும் கண்டாவ. அதக் கேட்டு புளோரிடாக்காரன் நட்டான், அம்புட்டு பலிக்கல. கொய்யா நடாதன்னு சொல்லல. நட்டா கொய்யாப்பழமாவது திங்கலாம். நோய் போகும்னு நம்பி நடாத.

இதெல்லாத்தையும் விட உன் கண்ணுக்கு முன்னால ஒரு சோலி நடக்கு, நீ பாக்கல. அந்த மூணாவது மரத்துத் தூர்ல எறும்புச் சாரை ஏறி எறங்குது. சும்மா ஊர்வலம் போகுதுன்னா நெனச்சே? குண்டிதூக்கிக் குஞ்சு பீச்சுத தேந்தண்ணிய நக்கப் போகுது. நக்கதோட விட்டாப் பரவாயில்ல, அந்தக் குஞ்சுகளுக்கு அடியாளா நிக்கும். குளவி கிட்ட வந்தா வெரட்டும். கலிபோர்னியாவுல அர்ஜென்டினா எறும்பு பண்ணுத அட்டகாசத்துல, ஹாடில் கொண்டு போன குளவிக்கே வேல ஓடாமப் போச்சு. வாசத்துக்கு மயங்கிக் குளவி ஆயிரம் மைல் வந்தாலும், வாசல்ல அடியாள் நின்னா உள்ள போக முடியுமா? நீ கெளையில தைலம் கட்டினே. தூர்ல பாத்திருக்கணும்.

குளவிய நம்பி எல்லாத்தையும் விட்டுரலாம்னு நான் சொல்லுதேன்னு நெனச்சிராத. அப்படிச் சொன்னா நானும் அந்தத் தரகர் மாதிரித்தான். புளோரிடாவுல 1998ல குண்டிதூக்கி வந்துச்சு. மறு வருசமே தைவான்ல இருந்தும் வியட்நாம்ல இருந்தும் இந்தக் குளவியக் கொண்டு வந்து விட ஆரம்பிச்சாவ. 2005ல நோய் தலைகாட்டிட்டு. 2003-04ல 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த சீம, 2022-23ல ஒண்ணரைக் கோடிப் பெட்டிக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டு. புயலும் அடிச்சுது, நெலத்த வீட்டு மனையாவும் வித்தான், இருந்தாலும் பெரிய கை இந்த நோய்க்குத்தான். கவனிக்காமப் போட்ட தோப்பு ஒவ்வொண்ணும் பூச்சிக்குச் சத்திரம் ஆயிட்டு. குளவி பூச்சியக் கொறைக்கும். உள்ள ஏறின கிருமிய அது என்ன பண்ணும்? நூறுல தொண்ணூறு பூச்சியத் தின்னாலும், மிச்சம் பத்து பறந்து போய் நல்ல மரத்துல ஊசியச் சொருகினாப் போதும்.

அதனால நாளைக்கு விடிஞ்சதும் எங்கூட வா. மொதல்ல பஞ்ச எல்லாம் அவுத்துரு. மூணாவது மரத்துல நாலு கெளையில இருந்து இலை பறிச்சு, பேத்தி காலேஜ் வழியா லேப்புக்கு அனுப்பு. கிரீனிங்தான்னு வந்துட்டா அந்த மரம் நமக்கு இல்ல. உங்க கொள்ளுத்தாத்தா வச்ச மரம்னு அழுதுக்கிட்டு நிக்காத, நானே நிக்கப் போறதில்ல. ஆனா ஒண்ணு, கோடாலியோட நேராப் போயிராத. மரத்த ஆட்டினா அதுல இருக்க குண்டிதூக்கியெல்லாம் எந்திரிச்சு பக்கத்து மரத்துக்குப் பறந்துரும், அம்புட்டும் கிருமி சொமந்ததா இருக்கும். அதனால அந்த ஒரு மரத்துக்கு மட்டும் மருந்து அடிச்சு, பூச்சி செத்ததப் பாத்துட்டு, பொறவு வெட்டு. உன் மூணு பாட்டில்ல ஒண்ணு அதுக்காவது ஒதவட்டும். மத்த மரத்துக்குக் கொழுந்து விடும்போதெல்லாம் போய்ப் பாரு. கொழுந்துல குஞ்சு இருக்கா, குஞ்சுல ஓட்டை போட்ட மம்மி இருக்கா, தூர்ல எறும்பு ஏறுதா. இந்த மூணையும் பாத்து எண்ணாம டேங்க முதுகுல மாட்டாத. எண்ணத் தெரியலன்னா பேத்திட்ட கேளு. வார வெள்ளிக்கெழம வாரேன்னு போன் பண்ணியிருக்கா.

அந்தா, காது செவக்குது பாரு! அவ வாரான்னு சொன்னதும் மீச ஆடுது. கவட்டைக் குழாயில உன்னைய விட்டா எந்தக் கொம்புக்குத் திரும்புவேன்னு பாக்கச் சோதனையே வேண்டாம் போல. அவட்ட பேசப் போகும்போது பதினோரு உருண்ட கதைய நீயே சொல்லிரு, நான் சொன்னா இன்னும் கொஞ்சம் சேத்துச் சொல்லுவேன்.

பூதக்கண்ணாடிய எடுத்து வச்சிருக்கேன், மாடக்குழியில. விடியுமுன்ன எழுப்பு. இப்ப எந்திரிச்சு மெடிக்கல் கடைக்குப் போயிட்டு வா. பெரிய குப்பியா வாங்கு. காச எங்கிட்டக் கேக்காத.